501 கழித்தால் பூஜ்யம்

கிடர்பூரில் தினமும் கணக்கை நேர் செய்யும் எனக்கு டார்ட்ஸ் பிடிக்கக் காரணம் அந்தக் கழித்தல்தான். 501-ல் ஆரம்பித்து, கடைசி அம்பு இரட்டை வளையத்தில் விழ, சரியாகப் பூஜ்யம் வரவேண்டும். கூடுதலாகக் கழித்தால் அந்த முறை எறிந்தது செல்லாது.

நாட்டுக்கு இருவர் சேர்ந்து ஆடும் பி.டி.சி. உலகக் கோப்பை 2010-ல் தொடங்கியது. 2017-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில், முதல் சுற்றிலேயே சிங்கப்பூரின் பால் லிம், ஹாரித் லிம் ஜோடி ஸ்காட்லாந்தைக் கவிழ்த்தது. எதிரணியில் இருந்தவர் 2015, 2016 உலகச் சாம்பியன் கேரி ஆண்டர்சன்!

பால் லிம் லேசுப்பட்டவரல்ல. 1990 உலகச் சாம்பியன்ஷிப்பில் ஒன்பதே அம்பில் 501-ஐ முடித்தவர். அந்தப் போட்டியில் அதுவே முதல் முறை. அதற்குப் பரிசு 52,000 பவுண்டு. கோப்பை வென்ற பில் டெய்லருக்கோ 24,000தான்!

ஸ்காட்லாந்தை வென்றபோது அவருக்கு வயது 63. வங்கியில் எங்களை 60-லேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், சாமி!