கொசுவின் மேல் விழுந்த பழி



தோட்டத்தில் வாழ்ந்த நம் முன்னோர் காய்ச்சலை இரண்டாகவே பிரித்தனர். குளிர் நடுக்கத்தோடு வந்தால் மலேரியா. மற்றவை எல்லாம் ‘விஷக்காய்ச்சல்’. அந்த விஷம் எது என்று எவரும் கேட்டதில்லை. அக்கேள்வி எத்துணை முக்கியமானது என்பதை நம் நாடு 1999-இல் உணர்ந்தது.

1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளையைத் தாக்கும் காய்ச்சல் பரவியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு செய்து மருந்துப் புகை அடித்தனர், தடுப்பூசி போட்டனர். நோய் அடங்கவில்லை. நெகிரி செம்பிலானின் சிக்காமாட், புக்கிட் பெலாண்டோக் வட்டாரங்களுக்கும் பரவியது.

அப்போது நான் அம்மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டு ஆசிரியை. ‘கொசுவை ஒழித்தால் காய்ச்சல் ஒழியும்’ என்று கரும்பலகையில் எழுதினேன். ஒரு மாணவன் எழுந்து, “டீச்சர், கொசு எல்லாரையுந்தானே கடிக்கும்? பன்றிப் பண்ணையில வேலை செய்றவங்களுக்கு மட்டும் ஏன் காய்ச்சல் வருது?” என்றான். “முதலில் எழுதி முடி” என்று அவனை அமர வைத்தேன்.

அவன் கேட்டதே சரியான கேள்வி. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்கும். இங்கோ பண்ணையில் உழைத்த பெரியவர்கள் மாண்டனர். தடுப்பூசி போட்டவர்களும் தப்பவில்லை; பன்றிகளும் இருமிச் செத்தன.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரிடமிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். மின்னணு நுண்நோக்கியில் அது வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த கிருமி எனத் தெரிந்தது. 1994-இல் ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்ட ஹெண்ட்ரா கிருமியோ என ஐயுற்றனர். மரபணு எழுத்துகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேறுபட்டிருந்தது. உறவினன்தான், ஆனால் வேறு ஆள். நோயாளியின் ஊரான சுங்கை நீப்பாவின் பெயரே கிருமிக்கும் வந்தது.

பெயர் எழுதாத பயிற்சிப் புத்தகம் யாருடையது என்பதைக் கையெழுத்தை வைத்தே நாம் கண்டுபிடிக்கிறோம் அல்லவா? மரபணு வரிசையும் அவ்வாறே கிருமியின் கையெழுத்து. இன்று நோயாளியின் இரத்தத்தில் உள்ள மரபணுக்களை மொத்தமாகப் படித்து, முன்முடிவு ஏதுமின்றிக் கிருமியைத் தேடவும் வழி பிறந்துள்ளது.

பன்றிகளே நோயைப் பரப்பின என்பது தெளிவானதும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன, நோய் அடங்கியது. அதற்குள் நம் நாட்டில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்திருந்தனர். பெரும்பாலோர் சீனர், இந்தியரும் இருந்தனர். சிங்கப்பூரில் பன்றி அறுப்புக்கூடப் பணியாளர் 11 பேர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். கிருமியின் இயற்கை உறைவிடம் பழந்தின்னி வௌவால் என்பது பின்னர் தெரியவந்தது.

செய்தி வெளியான மறுநாள் கரும்பலகையில் புதிய வாக்கியம் எழுதினேன். அந்த மாணவனை எழுப்பி, “நீ கேட்டது சரி, நான்தான் தவறு” என்றேன். வகுப்பு கைதட்டியது. அவனோ தலைகுனிந்து நின்றான். அவனுடைய மாமா அந்த வாரம் மருத்துவமனையில் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குச் செவி கொடுப்போம்.