மயிலாடி மகாராசன் கண்ட கனவு

கடவுள் மனிதரோடு பேசுகிறார் என்பது கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படை நம்பிக்கைகளுள் ஒன்றாகும். அவர் பேசும் வழிகளுள் கனவும் ஒன்றென விவிலியம் கூறுகிறது. வீட்டை விட்டு ஓடிய யாக்கோபு, கல்லைத் தலையணையாக வைத்து உறங்கிய இரவில் கனவு கண்டான். உடன்பிறந்தாரால் விற்கப்பட்டுச் சிறையில் கிடந்த யோசேப்பு, எகிப்து மன்னனின் கனவுக்குப் பொருள் உரைத்தான். மரியாளின் கணவராகிய யோசேப்பு, குழந்தை இயேசுவை எகிப்துக்குக் கொண்டுசென்றதும் கனவிலே பெற்ற எச்சரிக்கையால்தான். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு, யோவேல் தீர்க்கதரிசியை எடுத்துக்காட்டிப் பேசியபோது, கடவுளின் ஆவி ஊழியக்காரர் மேலும் ஊழியக்காரிகள் மேலும் பொழியப்படும் என்றார். அக்காலத்தில் அச்சொல் அடிமைகளைக் குறித்தது. ஆகவே, கடவுளின் குரலைக் கேட்கும் உரிமை குருமாருக்கும் செல்வர்க்கும் மட்டும் உரியதன்று. ஒடுக்கப்பட்ட நம் மக்களின் வரலாற்றிலும் இவ்வுண்மைக்குச் சான்று உண்டு.

மகாராசன் சென்ற வழி

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மயிலாடி, அந்நாளில் தென்திருவிதாங்கூரைச் சேர்ந்த சிற்றூர். அங்கே சாம்பவர் குலத்தில் பிறந்தவர் மகாராசன். நம் மக்களுள் பலர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட காலம் அது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855ஆம் ஆண்டில்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. மகாராசன் பக்தி மிக்கவர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், மெய்ப்பொருளைத் தேடிச் சிதம்பரத்திற்கு யாத்திரை புறப்பட்டார். அவ்விடத்தில் அவர் ஒரு கனவு கண்டதாகவும், அதில் கண்டிக்கப்பட்டு அவ்விடம் விட்டுத் திரும்புமாறு பணிக்கப்பட்டதாகவும் பிற்காலத் திருச்சபை வரலாறுகள் கூறுகின்றன. திரும்பும் வழியில் தஞ்சைக்குச் சென்ற அவர், அங்கே கோலாப் ஐயரின் அருளுரையைக் கேட்டார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் என்னும் பெயர் பூண்டார்.

சிதம்பரமும் கனவும் சேர்ந்து வரும் மற்றொரு வரலாற்றை நாம் அறிவோம். பெரியபுராணம் கூறும் திருநாளைப்போவார், அதாவது நந்தனார், தில்லையின் எல்லையில் நின்று ஏங்கியபோது இறைவன் அவர் கனவில் தோன்றினார். தீயில் மூழ்கி எழுந்து வருமாறு பணித்தார். தீ வளர்க்குமாறு அந்தணர்களுக்கும் கனவிலே ஆணை கிடைத்தது. அங்கே நந்தனார் தம் பிறப்பின் அடையாளத்தை நெருப்பிலே இழந்த பின்னரே உள்ளே செல்ல முடிந்தது. மகாராசனின் கனவோ அவரை எரியச் சொல்லவில்லை. வேறு வழி நடக்கச் சொல்லிற்று. இவ்விரு கனவுகளுக்கும் இடையிலுள்ள வேற்றுமையை நம் இளைஞர்கள் ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும்.

கனவைச் சோதித்தல்

எல்லாக் கனவும் கடவுளின் குரலாகுமா? ஆகாது. தங்கள் நெஞ்சின் வஞ்சகத்தைக் கனவென்று சொல்லி மக்களை ஏய்ப்போரை எரேமியா தீர்க்கதரிசி கடுமையாகச் சாடுகிறார். சொன்ன அடையாளம் நிறைவேறினாலும், பிற தெய்வங்களை நாடச்செய்யும் கனவுக்காரனுக்குச் செவிகொடுக்க வேண்டாம் என்று உபாகமம் எச்சரிக்கிறது. எல்லாவற்றையும் சோதித்து நலமானதைப் பற்றிக்கொள்ளுமாறு பவுல் எழுதுகிறார். கனவு கண்டேன் என்று கூறிக் காணிக்கை கேட்போரும், படிக்க வேண்டிய பிள்ளைகளை வெறும் காத்திருப்பில் அமர்த்துவோரும் இன்றும் உள்ளனர். ஆதலின் இச்சோதனை நமக்கு மிகவும் தேவை.

வேதமாணிக்கத்தின் கனவை எதனால் மதிப்பது? அதன் பின் அவர் செய்த செயல்களால் மதிப்போம். தாம் பெற்றதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் ஊர் திரும்பித் தம் மக்களுக்குச் சொன்னார். போதகர் ஒருவரைத் தம் மக்களுக்கு அனுப்புமாறு கோலாப் ஐயரை வேண்டினார். அவ்வேண்டுகோளின் பயனாக இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஜெர்மானியர் ரிங்கல்தௌபே 1806ஆம் ஆண்டில் மயிலாடி வந்தார். 1809இல் அங்கே ஆலயம் எழுந்தது. கல்விப் பணியும் தொடங்கிற்று. இன்றைய நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் தொடக்கத்தை அந்த மயிலாடிப் பள்ளியிலேயே காண்கிறது. 1816இல் ரிங்கல்தௌபே நாடு நீங்கியபோது திருச்சபைப் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். 1818இல் மீட் ஐயர் வரும்வரை அவரே அதைப் பேணி வந்தார்.

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் வெளிநாட்டு மிஷனெரிகளின் பெயராலேயே இதைத் தொடங்குகின்றன. அவர்களது தொண்டை நாம் நன்றியுடன் நினைக்கிறோம். ஆயினும், மிஷனெரி வருமுன்னரே தேடிச் சென்றவரும், கேட்டவரும், அழைத்து வந்தவரும் நம்முள் ஒருவரே. இதை மறந்தால், நம்மைப் பிறர் கைதூக்கி விட்டனர் என்ற பாதிக் கதையே நம் பிள்ளைகளிடம் போய்ச் சேரும்.

மதம் மாறிய உடனே சாதி அகன்றுவிட்டது என்றும் நாம் கூறவில்லை. தஞ்சைத் திருச்சபைகளில் சாதிக்கொரு புறமாக அமரும் வழக்கம் நீடித்தது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் அதை ஒழிக்க ஆணையிட்டபோது, உயர்சாதிக் கிறிஸ்தவர் பலர் திருச்சபையை விட்டே விலகினர். கடவுளின் குரலை ஒருவர் கேட்பதனால் மட்டும் ஊர் மாறிவிடாது. கேட்டவரோடு பலர் சேர்ந்து நெடுநாள் உழைக்க வேண்டும்.

நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இளைஞர்களுக்கு நாம் கூற விழைவது இதுவே. மூத்தோர் கண்ட கனவுகளை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர். ஆராயாமல் ஏற்றுக்கொள்ளவும் வேண்டா. ஒரு கனவு தன்னலத்தைக் கேட்கிறதா, மக்களின் நலத்தைக் கேட்கிறதா என்று பாருங்கள். மக்களின் நலத்தைக் கேட்குமாயின், மகாராசனைப்போல் எழுந்து நடவுங்கள். அவர் தம் ஊருக்கு ஆசிரியரைத் தேடினார். நம் ஊர்களில் இன்னும் பள்ளிப் படிப்பை இடையில் விட்ட பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்களைத் தேடிச் செல்லும் பணி நம்முடையது.