கைப்பக்குவத்தை ஏட்டில் எழுத முடியுமா?

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது பழமொழி. ஆனால் நிர்வாகவியல் அறிஞர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கறிக்கு உதவும் சுரைக்காயை ஏட்டில் ஏற்றத்தான் முயன்று வருகிறார்கள். தொழிலாளியின் தலையிலும் கையிலும் இருக்கும் அறிவை நிறுவனத்தின் சொத்தாக மாற்ற முடியுமா? 'அறிவு மேலாண்மை' என்ற துறையின் வரலாறு, இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களின் வரலாறு எனலாம். அவற்றில் சிலவற்றைப் பார்ப்போம்.

டெய்லரின் கடிகாரம்

அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் 1911-ல் அறிவியல்முறை நிர்வாகம் பற்றிய தனது புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். தொழிலாளர்களிடம் வழிவழியாக இருந்துவரும் தொழிலறிவை நிர்வாகம் திரட்டி, வகைப்படுத்தி, விதிகளாக எழுதிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. அதன்பின் திட்டமிடுவது நிர்வாகத்தின் வேலை, சொன்னபடி செய்வது தொழிலாளியின் வேலை.

அதே ஆண்டு ஆகஸ்டில், மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தங்கள் வேலையைக் கடிகாரம் வைத்து அளப்பதை அவர்கள் ஏற்கவில்லை. விவகாரம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை சென்றது. இத்தகைய தளவாடத் தொழிற்சாலைகளில் நேர அளவீட்டுக்கு அரசுப் பணத்தைச் செலவிட 1915-ல் தடை வந்தது. தொழிலறிவு என்பது தொழிலாளியின் பேரம் பேசும் பலமும்கூட. அதைக் கொடுத்துவிட்டால் அவனிடம் மிஞ்சுவது உடலுழைப்பு மட்டுமே.

சொல்ல முடியாத அறிவு

கொடுக்க மனமிருந்தாலும் எல்லாவற்றையும் கொடுக்க முடியுமா? முடியாது என்றார் ஹங்கேரியில் பிறந்த வேதியியலாளரும் தத்துவ அறிஞருமான மைக்கேல் போலானி. 1958-லும் 1966-லும் வெளிவந்த தன் நூல்களில், மனிதன் சொல்லக்கூடியதைவிட அதிகம் அறிந்திருக்கிறான் என்று அவர் விளக்கினார். சைக்கிள் ஓட்டுபவருக்குச் சாயாமல் ஓட்டத் தெரியும், ஆனால் எப்படிச் சாயாமல் இருக்கிறோம் என்று சொல்லத் தெரியாது. இதை 'உள்ளுறை அறிவு' என்பார்கள். நம் சமையலறையில் இதற்குக் 'கைப்பக்குவம்' என்று பெயர்.

ரொட்டி இயந்திரம்

போலானியின் கருத்தை நிறுவனங்களுக்குள் கொண்டுவந்தவர் ஜப்பானிய அறிஞர் இகுஜிரோ நொனாகா. 1991-ல் எழுதிய கட்டுரையிலும், 1995-ல் ஹிரோடகா டகேயுச்சியுடன் எழுதிய நூலிலும் அவர் மட்சுஷிடா நிறுவனத்தின் கதையைச் சொன்னார். 1985-ல் அந்நிறுவனம் வீட்டில் ரொட்டி சுடும் இயந்திரத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. மாவு சரியாகப் பிசையப்படவில்லை. மென்பொருள் வல்லுநர் இகுகோ தனாகா, ஒசாகா நகர ஹோட்டல் ஒன்றின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் போய் வேலை பழகினார். மாவை அவர் முறுக்கி இழுக்கும் விதத்தைக் கண்டுகொண்டார். அதைப் பொறியாளர்கள் இயந்திரத்தில் அமைத்தனர்.

இதிலிருந்து நொனாகா நான்கு படிகளை வகுத்தார். கூட இருந்து பழகுதல், பழகியதைச் சொல்லாக்குதல், சொன்னவற்றை ஒன்றிணைத்தல், அதை மீண்டும் உள்வாங்குதல். இந்தச் சுழற்சியில்தான் புதிய அறிவு பிறக்கிறது என்றார் அவர்.

ஆனால் ரோட்ரிகோ ரிபெய்ரோவும் ஹாரி காலின்ஸும் 2007-ல் இந்தக் கதையை மறுஆய்வு செய்தனர். கலைஞரின் திறமை இயந்திரத்துக்குள் போய்விடவில்லை என்பது அவர்கள் முடிவு. அசைவின் ஒரு பகுதியைத்தான் இயந்திரம் செய்கிறது. மீதியை அதைப் பயன்படுத்தும் மனிதர்கள் ஈடுகட்டுகிறார்கள்.

ஜெராக்ஸ் காட்டிய வழி

நம்மூரில் நகலெடுப்பதற்கே பெயராகிவிட்ட ஜெராக்ஸ் நிறுவனத்தில் இன்னொரு பாடம் கிடைத்தது. அங்கே பழுதுபார்ப்பவர்களுடன் சுற்றி ஆராய்ந்த மானுடவியலாளர் ஜூலியன் ஓர், 1996-ல் அதை நூலாக வெளியிட்டார். கையேட்டில் இல்லாத கோளாறுகளை அவர்கள் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்ளும் கதைகளின் துணையோடு தீர்ப்பதை அவர் கண்டார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெட்டிப் பேச்சு. உண்மையில் அதுதான் அவர்களின் பள்ளிக்கூடம்.

பின்னர் அந்நிறுவனம் பிரான்சில் தொடங்கி 'யுரேகா' என்ற குறிப்புத் தொகுப்பை உருவாக்கியது. குறிப்புகளைப் பழுதுபார்ப்பவர்களே எழுதினர், சக பணியாளர்களே சரிபார்த்தனர். எழுதியவரின் பெயரும் குறிப்போடு இடம்பெற்றது.

முடிவாக, டெய்லருக்கும் யுரேகாவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இரண்டிலுமே அறிவு எழுதப்பட்டது. ஆனால் முதலாவதில் தொழிலாளியிடமிருந்து எடுக்கப்பட்டது, இரண்டாவதில் தொழிலாளியே சக தொழிலாளிக்குக் கொடுத்தார். கணினியும் மென்பொருளும் வாங்கி அறிவைச் சேமிக்க நினைக்கும் நிறுவனங்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். கைப்பக்குவம் முழுவதும் ஏட்டில் ஏறாது. ஏறக்கூடிய பகுதியும், எழுதுபவருக்கு மதிப்பு இருக்கும் இடத்தில்தான் ஏறும்.