கிணறு வற்றியது யாரால்? நெய்வேலித் தண்ணீரின் கதை



"ஐயா, எங்க ஊர்க் கிணறு வற்றியது சுரங்கத்தாலதானா?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிவந்தது. தண்ணீரைத் தேடப் போய்த்தான் நெய்வேலியில் நிலக்கரி கிடைத்தது! 1956-இல் நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்.

மேல்மண்ணை அகற்றுவது ஒரு பாடு. அதைவிடப் பயமுறுத்தியது கரிக்குக் கீழே இருந்த தண்ணீர். அங்குள்ள மணல் அடுக்கில் நீர் அடைபட்டு, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 கிலோ என்றால் 10 மீட்டர் உயர நீர். அப்படியானால் அந்த நீர் 60 முதல் 80 மீட்டர் வரை தானாக ஏறும். நம் கடலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் மோட்டார் இல்லாமலே போரில் தண்ணீர் பொங்கி வழிந்ததும் இப்படித்தான். ஆர்ட்டீசியன் கிணறு என்று புவியியல் பாடத்தில் படம் வரைந்தோமே, அதுதான்.

மேலே இருக்கும் மண்ணை எடுத்துவிட்டால் சுரங்கத்தின் தரை வெடித்து நீர் புகுந்துவிடும். எனவே சுற்றிலும் கிணறுகள் போட்டு, இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். இன்றும் இறைக்கிறார்கள். ஆகவே, சுரங்கம் நிலத்தடி நீரைப் பாதிக்கிறதா என்பது கேள்வியே அல்ல. அந்த நீரழுத்தத்தைக் குறைக்காமல் அங்கே சுரங்கமே கிடையாது. எவ்வளவு தூரம், எந்த அடுக்கில் என்பதுதான் கேள்வி.

இங்கே நியாயமாகப் பேச வேண்டும். 1990-க்குப் பிறகு எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. நாமும் போட்டி போட்டுக்கொண்டு போர் போட்டோம். (நெய்வேலி மின்சாரத்தில் ஓடும் மோட்டார்தான் நெய்வேலித் தண்ணீரையும் இறைத்தது, வேடிக்கைதான்.) சென்னைக்குப் போகும் வீராணம் குழாயிலும் இந்தப் பகுதி நீர் கலந்திருக்கிறது. சுரங்க நீர் வாலாஜா ஏரிக்குப் போய்ப் பல வயல்களுக்குப் பாய்ந்ததும் உண்மை. ஆனால் ஏரிக்குக் கீழே உள்ளவருக்குக் கிடைத்தது, சுரங்கத்துக்குப் பக்கத்தில் போர் வறண்டவருக்கு ஈடாகாது என்பது என் கருத்து.

பிரித்து அறிய வழி உண்டு. உங்கள் கிணறு மேல் அடுக்கிலா, கரிக்குக் கீழேயா என்று முதலில் பாருங்கள். 2015 பெருமழைக்குப் பின் திறந்த கிணறு நிரம்பியும் ஆழமான போரில் மட்டம் ஏறவில்லை என்றால், மழையைக் குறை சொல்ல முடியாது. சுரங்கத்தை நெருங்க நெருங்க மட்டம் சரிந்துகொண்டே போனால், காரணம் சுரங்கப் பக்கம். தை, மாசியில் பயிருக்கு இறைக்கும்போது இறங்கி, பிறகு ஏறினால் நம் மோட்டார்கள். பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும்.

இதற்கெல்லாம் பழைய அளவு வேண்டும். 1961-க்கு முன் நம் ஊர்க் கிணறுகளில் எத்தனை அடியில் தண்ணீர் இருந்தது? வீட்டில் எண்பது வயது தாண்டிய பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள். கிணற்றுக்கு எத்தனை உறை இறக்கினார்கள், கமலைக் கயிறு எத்தனை பாகம், எந்த ஆண்டு முதலில் ஆழப்படுத்தினார்கள் என்று ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். நான் நோட்டில் தொகுத்து வைக்கிறேன்.