சுண்ணாம்புக் கம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை



கல்யாணமாகிச் சிங்கப்பூர் போன என் மாணவி ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். "சார், இங்க எல்லாம் சுத்தமா, வசதியா இருக்கு. ஆனா மனசு ஒட்ட மாட்டேங்குது. நம்ம ஊர் மாதிரி ஒரு இடம் இங்க எங்க சார் இருக்கு?" என்று கேட்டாள். "தேக்காவுக்குப் போம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம்தான், இது ஒரு வார்த்தையில் முடிகிற விஷயமா என்று தோன்றியது. முப்பத்து நான்கு வருடம் வரலாறு நடத்திய வாய் சும்மா இருக்குமா? பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 கடைசியில் பொங்கோலில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். பதினான்காவது மாடி. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியும் நானும் தினமும் லிஃப்ட் வாசலில் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். அதற்கு மேல் பேச இருவருக்கும் மொழி இல்லை. நான் வாடிப்போவதைப் பார்த்த மகன், மூன்றாம் நாளே ரயிலில் ஏற்றி லிட்டில் இந்தியா நிலையத்தில் இறக்கிவிட்டான். வெளியே வந்ததும் மல்லிகைப்பூ வாசம், சாம்பிராணி, வெற்றிலைக் கட்டு, முருங்கைக்காய். யாரோ யாரிடமோ "இந்தாப்பா, கொஞ்சம் தள்ளு" என்றார். அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது எனக்கு.

அதன் பிறகு வாரத்தில் மூன்று நாள் அங்கேதான். மகன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். "ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்ப்பா. ஒரே கூட்டமா இருக்கும்."

இந்த இடம் எப்படி நம்முடையதாயிற்று? நானும் முதலில், வெள்ளைக்காரன் தமிழர்களுக்கென்று ஒதுக்கிய பகுதி போலும் என்றே நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒதுக்கிய இடம் வேறு. 1822இல் ராஃபிள்ஸ் நகரத்துக்குத் திட்டம் போட்டபோது சீனர்களுக்கு ஓர் இடம், புகிஸ்காரர்களுக்கு ஓர் இடம் என்று பிரித்தார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களுக்கு ஆற்றோரமாக 'சூலியா கம்போங்' என்று வரைபடத்தில் எழுதினார். அவரோடு 1819இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை செங்கல் சூளை வைத்தார், துணிக்கடை வைத்தார், 1827இல் மாரியம்மனுக்குக் கோயில் கண்டார். அந்தக் கோயில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இன்றும் இருக்கிறது. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நம் செட்டியார்கள் கிட்டங்கி வைத்து வட்டிக்கடை நடத்தினார்கள். இன்று அங்கே போனால் வங்கிகளின் கண்ணாடிக் கோபுரங்கள்தான். கோயிலுக்குப் போகலாம், பள்ளிவாசலுக்குப் போகலாம். ஒரு கட்டு முருங்கைக்கீரை கிடைக்காது.

சிராங்கூன் சாலையை யாரும் நமக்கென்று வரையவில்லை. அது ரோச்சோர் ஆற்றை ஒட்டிய சதுப்பு நிலம். தண்ணீர் இருந்தது, புல் இருந்தது; அதனால் மாடு வந்தது. மாடு வந்ததால் மாடு மேய்க்கிறவர், பால் கறக்கிறவர், வண்டி ஓட்டுகிறவர் வந்தார்கள். 'கெர்பாவ்' என்றால் மலாயில் எருமை. அங்கே இன்றைக்கும் கெர்பாவ் சாலை என்று ஒன்று, பஃபலோ சாலை என்று ஒன்று. ஒரே எருமைக்கு இரண்டு மொழியில் இரண்டு தெரு! கல்கத்தாவிலிருந்து வந்து மாட்டு வியாபாரம் செய்த யூதர் பெலிலியோஸ் பெயரிலும் ஒரு தெரு உண்டு. 'தேக்கா' என்ற பெயரைக் கேட்டு நான் தேக்கு மரத்தை நினைத்துக்கொண்டேன். அது மூங்கிலைக் குறிக்கும் ஹொக்கியன் சீனச் சொல்லிலிருந்து வந்ததாம்.

மாட்டோடு சுண்ணாம்பும். அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அதனால் வீரமாகாளியம்மன் கோயிலைப் பழைய ஆட்கள் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்பார்கள். கம்பம் என்பது மலாய் 'கம்போங்', கிராமம். தமிழ் நாக்கில் அது கம்பமாகிவிட்டது. எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடித்துப்போயிற்று. சட்டம் போட்டு வைத்த பெயர்களைவிட இப்படித் தேய்ந்து வந்த பெயர்கள்தான் உண்மையைச் சொல்கின்றன என்பது என் கட்சி.

பிறகு சதுப்பு வடிந்தது, மாடுகள் போயின, கடைகள் வந்தன. இதற்கு நடுவே 1989ஐச் சொல்லியே ஆக வேண்டும். அந்த ஒரே வருடத்தில் இரண்டு காரியம் நடந்தது. லிட்டில் இந்தியாவை இடிக்கக் கூடாத பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். அரசு அடுக்குமாடிகளில் ஒவ்வொரு பேட்டையிலும் ஒவ்வோர் இனத்தாரும் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பும் அப்போதுதான் வந்தது. அதைக் கொண்டுவந்த தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன் ஒரு தமிழர். தமிழர் ஒரே பேட்டையில் திரண்டு குடியிருக்க முடியாது. ஆனால் நம் தெரு அப்படியே இருக்கும். இனச் சண்டை கண்ட நாடு, அவர்கள் கணக்கில் நியாயம் இருக்கிறது. ஆனால் விளைவைப் பாருங்கள்: ஊர் மாதிரி இருக்கிற இடத்தில் ஊர்க்காரர்கள் பெரும்பாலோர் குடியிருக்கவில்லை. வருகிறார்கள், வாங்குகிறார்கள், திரும்பிப் போகிறார்கள்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகனிடம் சொல்லாமல் போனேன். சாலை கொள்ளாத கூட்டம். கடைகளின் முன்னால் உள்ள நடைபாதையை அங்கே 'அஞ்சடி' என்பார்கள். அந்த அஞ்சடியில் கால் வைக்க இடமில்லை. எல்லாம் இளைஞர்கள்: தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர்ப் பக்கம். வங்காளதேசத்துப் பையன்களும் நிறைய. கிளைவ் ஸ்ட்ரீட் முனையில் ஒருவன் என்னை உற்று உற்றுப் பார்த்தான். "சார்... நீங்க வரலாறு சார்தானே?" ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்ச். பெயர் எனக்கு வரவில்லை, முகம் வந்தது. கட்டட வேலைக்கு வந்து பதினோரு வருடமாம். "இந்தப் பக்கம் கிளைவ், அந்தப் பக்கம் ஹேஸ்டிங்ஸ், டல்ஹௌசிகூட இருக்கு சார். போர்டைப் பார்க்கும்போதெல்லாம் நீங்க அடிச்சதுதான் ஞாபகம் வரும்" என்று சிரித்தான். நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன்.

டீ வாங்கிக் கொடுத்தான். காசு கொடுக்க விடவில்லை. 2013 டிசம்பர் 8ஆம் தேதி ராத்திரி அவனும் பக்கத்தில்தான் இருந்தானாம். விடுதிக்குத் திரும்புகிற பஸ்ஸில் அடிபட்டு நம் ஊர்ப்பக்கத் தொழிலாளி ஒருவர் இறந்து, அங்கே கலவரம் நடந்த ராத்திரி அது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். "நான் ஓடிட்டேன் சார். நின்னுருந்தா எங்க வீடு அவ்ளோதான்" என்றான். அப்புறம் 2020இல் கொரோனா. மாதக்கணக்கில் விடுதியை விட்டு வெளியே வரவில்லை. இதையெல்லாம் அவன் புகாராகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான். போனை எடுத்துக் காட்டினான். 2022 ஜூனிலிருந்து, விடுதியில் இருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை இங்கே வர வேண்டுமானால் அப்போது முன்கூட்டியே பாஸ் போட வேண்டியிருந்தது. லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் ஆகிய நான்கு இடங்களுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 80,000 பேர் என்று வரம்பு இருந்தது.

நான் மூத்தோர் அட்டைகூட இல்லாத சுற்றுலாக்காரன். எனக்குப் பாஸ் தேவைப்படவில்லை. பதினோரு வருடம் அந்த ஊரைக் கட்டியவனுக்குத் தேவைப்பட்டது.

அவன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, "யாருன்னு பாரு" என்று போனை என் முகத்துக்கு நேரே பிடித்தான். அந்த அம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டு, "நல்லா இருக்கீங்களா சார்? இவன் சாப்பிடுறானா?" என்று என்னைக் கேட்டார். ஏதோ அவன் என் வகுப்பில் இன்னும் உட்கார்ந்திருப்பதுபோல. "நல்லா சாப்பிடுறான்மா" என்றேன். எட்டு மணிக்கு பஸ். "பாஸ் கிடைச்சா அடுத்த வாரமும் வர்றேன் சார்" என்று ஓடினான்.

அடுத்த ஞாயிறு அதே முனையில் இருட்டும்வரை நின்றேன். அவன் வரவில்லை. போன் நம்பர் வாங்கத் தோன்றவில்லை எனக்கு. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அவனைத் தெரிந்தால், சார் தேடுகிறார் என்று சொல்லுங்கள்.

அம்மாடி, போனில் கேட்டாயே, உனக்கு: தேக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை போ. கூட்டமாக இருக்கும் என்று உன் வீட்டுக்காரர் சொல்வார். அவரையும் கூட்டிக்கொண்டு போ.