ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு
(குத்துச் சண்டை வீரர் ஜோ லூயிஸின் வரலாறு)



குத்துச் சண்டை என்றதும் நம்மில் பலருக்கு முகம்மது அலியின் நினைவுதான் வரும். 1975ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரோடு மோதி வென்றவர் அல்லவா அவர்! அந்த அலிக்கு முன்பே உலகத்தை வியக்க வைத்த வீரர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். அவர் பெயர் ஜோ லூயிஸ். அவர் எப்படி உயர்ந்தார், உயர்ந்தவர் ஏன் கடனாளி ஆனார் என்பது நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு.

ஏழைக் குடிலில் பிறந்தவர்

1914ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி அலபாமா மாநிலத்தில், பருத்திக் காட்டில் பாடுபட்ட கறுப்பின ஏழைக் குடும்பத்தில் ஜோ பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஏழாமவர். 1926இல் குடும்பம் பிழைப்புத் தேடி டெட்ராய்ட் நகருக்குப் போனது. மகன் வயலின் கற்க வேண்டும் என்று தாயார் காசு கொடுத்தார். பையனோ அந்தக் காசைக் குத்துச் சண்டைப் பயிற்சிக்குக் கட்டிவிட்டான்!

1934 ஜூலை 4ஆம் தேதி அவர் தொழில்முறை வீரரானார். அடுத்தடுத்து வெற்றிதான். 1936இல் ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கிடம் தோற்றார், ஆனால் துவண்டுவிடவில்லை. 1937 ஜூன் 22ஆம் தேதி ஜேம்ஸ் பிராடக்கை வீழ்த்தி உலக ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். சரியாக ஓராண்டு கழித்து, நியூயார்க்கில் சுமார் 70,000 பேர் பார்த்திருக்க, அதே ஷ்மெலிங்கை 124 விநாடியில் சாய்த்தார். ஹிட்லர் ஆட்சி தன் இனமே உயர்ந்தது என்று மார்தட்டிய காலம் அது. ஆகவே அந்த வெற்றியைக் கறுப்பின மக்கள் மட்டுமல்ல, அமெரிக்கா முழுவதுமே கொண்டாடியது. 1949 வரை, 25 முறை பட்டத்தைக் காத்து நின்றார் ஜோ.

அள்ளிக் கொடுத்த கை

பொருளாதார மந்த காலத்தில் அவர் குடும்பம் அரசாங்க உதவிப் பணம் வாங்கிப் பிழைத்தது. கையில காசு வந்ததும் அந்தப் பணத்தை டெட்ராய்ட் நகராட்சிக்கே அவர் திருப்பிக் கட்டினார். எப்பேர்ப்பட்ட மனசு பாருங்கள்! 1942இல் இரண்டு பந்தயங்களில் கிடைத்த தன் பங்கை, ஒன்றைக் கடற்படை நிவாரண நிதிக்கும் மற்றொன்றைத் தரைப்படை நிவாரண நிதிக்கும் கொடுத்துவிட்டார். அதே ஆண்டில் தாமே படையில் சேர்ந்து, போர்வீரர்களுக்காகக் காட்சிப் பந்தயங்கள் ஆடினார்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. தானம் கொடுத்த தொகையையும் அவருடைய வருமானமாகவே வரி இலாகா கணக்கில் சேர்த்தது. பட்டாளத்தில் இருந்த ஆண்டுகளில் பந்தய வருமானம் நின்றுபோனது; செலவுக்குக் கடன் வாங்கினார். அவர் சண்டையிட்டுச் சம்பாதித்தது சுமார் 46 லட்சம் டாலர். மானேஜர்களும் மற்றவர்களும் பங்கு எடுத்தது போக அவர் கைக்கு வந்தது ஏறத்தாழ எட்டு லட்சம்தான். அதிலும் உறவினர், நண்பர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். ஆடம்பரமாகவும் செலவு செய்தார். நடத்திய வியாபாரங்களும் கைகொடுக்கவில்லை. கட்டாத வரி, வட்டி போட்டுக் குட்டி போட்டு, பத்து லட்சம் டாலருக்கு மேல் போனது.

கடனை அடைக்க ஓய்வை விட்டு மீண்டும் மேடையேறினார். 1950இல் எஸ்ஸார்ட் சார்ல்ஸிடமும் 1951இல் இளைஞர் ராக்கி மார்சியானோவிடமும் தோற்றார். 1956இல் காசுக்காக மல்யுத்தமும் செய்தார். உலகமே கைதட்டிய மாவீரருக்கு இந்த நிலை என்றால் யார் மனசுதான் வலிக்காது? 1960களில்தான் வரி இலாகா சற்று இறங்கி வந்தது. பின்னாளில் லாஸ் வேகஸில் ஒரு பெரிய சூதாட்ட ஹோட்டலில் விருந்தினரை வரவேற்கும் வேலை பார்த்தார். 1981 ஏப்ரல் 12இல் காலமானார். நாட்டு வீரர்கள் துயிலும் ஆர்லிங்டன் மயானத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அந்தச் செலவுக்கு உதவியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அன்று 124 விநாடியில் தோற்ற ஷ்மெலிங்தான்! எதிரியாக மேடையேறியவர் கடைசிவரை நண்பராக இருந்தார்.

நமக்கு என்ன பாடம்?

கொடுத்தது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. அவருடைய கொடைக்கும் வரி கேட்டது நியாயமா என்று இன்றும் மனம் கேட்கிறது. ஆனாலும், "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஜோவின் கைக்கு வலு இருந்தது. கணக்கோ பிறர் கையில் இருந்தது.

ஆகவே மாணவர்களே, கணக்குப் பாடத்தைப் பரீட்சைக்கு மட்டும் என்று எண்ணாதீர்கள். அப்பா அம்மாவின் சம்பளச் சீட்டையும் சேமநிதிக் கணக்கையும் வாசித்துச் சொல்லிப் பழகுங்கள். பெற்றோர்களே, யார் காகிதத்தை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்; புரியாவிட்டால் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வியர்வை சிந்திச் சம்பாதித்த காசு எங்கே போகிறது என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? உழைக்கத் தெரிந்த நாம் கணக்குப் பார்க்கவும் கற்றுக்கொள்வோம்!