பிறன் என்னும் சொல்

ஒரு சொல்லின் வரலாறு சில வேளைகளிற் சமுதாயத்தின் வரலாறாகவும் அமைந்துவிடுகின்றது. கிறிஸ்தவ மறை அன்புக்குரியவனாகக் காட்டும் அயலான் யார் என்னும் வினாவின் வரலாறு அத்தகையது.

அன்புக் கட்டளை லேவியராகமம் 19ஆம் அதிகாரத்திற் காணப்படுகின்றது. ஆங்கு வழங்கும் ‘ரேயா’ என்ற எபிரேயச் சொல் தோழன், உடன்வாழ்வோன் எனப் பொருள்படும். சொந்த இனத்தாரைப் பற்றிய பேச்சோடு அது இணைந்து வருதலால், இனத்தின் எல்லையே அன்பின் எல்லை எனக் கொள்ள இடமிருந்தது. ஆயின் அதே அதிகாரம், எகிப்திலே அந்நியராய் வாழ்ந்ததை நினைவூட்டி, தம்மிடையே தங்கும் அந்நியனையும் நேசிக்கப் பணிக்கின்றது.

கிரேக்கத்தில் அச்சொல் ‘பிளேசியோன்’, அதாவது அருகிலிருப்பவன், என்றாயிற்று. லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்திலே சட்டவல்லுநன் ஒருவன் தன் அயலான் யாரென இயேசுவிடம் வினவுகின்றான். விடையாக ஒரு கதை பிறக்கின்றது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழியிற் கள்வராற் குற்றுயிராக்கப்பட்ட ஒருவனைக் கண்டு ஆசாரியனும் லேவியனும் விலகிச் செல்கின்றனர். சமாரியன் ஒருவனே காயங்கட்டிச் சத்திரத்திற் சேர்க்கின்றான். கெரிசீம் மலையிலிருந்த சமாரியர் கோயிலைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூத ஆட்சியாளன் யோவான் இர்க்கானு அழித்திருந்தான்; அப்பகை ஆறாதிருந்த காலம் அது.

கதை முடிவில் இயேசு வினாவையே திருப்பிவிடுகின்றார்: மூவருள் அயலானாய் நடந்தவன் எவன்? வல்லுநன் ‘சமாரியன்’ எனக் கூறவில்லை. இரக்கங் காட்டியவன் என்கின்றான். பெயரைச் சொல்ல நாக்கூசிற்றுப் போலும்!

தமிழிலே, 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் குழுவினர் ஆக்கிய மொழிபெயர்ப்பு ‘பிறன்’ என்றது. ‘பிறனில் விழையாமை’ என வள்ளுவர் அதிகாரத்திற் பயிலும் பழஞ்சொல் அது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘அடுத்திருப்பவர்’ என்றது. ஈழத்தில் நாம் அயலவர் என்போர் வேலியடுத்து வாழ்வோர். பிறனோ நம்மவன் அல்லாதவன். அவனை நேசி என்கையிற் கட்டளை மேலுங் கூர்மை பெறுகின்றது.

அக்கூர்மையைத் தமிழ்ச் சபை தாங்கிற்றா? சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய தரங்கம்பாடியிலே, 1733இல் வேளாளரான ஆரோன் முதற் சுதேசக் குருவாக அபிடேகம் பெற்றார். அடுத்தவரைத் தெரிந்தபோது, பறையர் குலத்து உபதேசியாராகிய இராசநாயக்கன் பெயரும் எண்ணப்பட்டது. அவர் கையிலிருந்து நற்கருணை பெற உயர்சாதிக் கிறிஸ்தவர் மறுப்பர் என்ற அச்சம் தடையாயிற்று. 1741இல் தியோகு என்பவரே குருவானார். 1833இற் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் சபைகளிற் சாதி வேற்றுமையை ஒழிக்கக் கட்டளையிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினர். பிறனை நேசி என ஓதியோர் பிறனோடு ஒரே பந்தியில் அமர ஒருப்படவில்லை.

இது ஒரு சமயத்தாரின் குறை மட்டுமன்று. சாதி எச்சமயத்துள்ளும் புகுந்து குடிகொள்ள வல்லது. என் அயலான் யார் எனக் கேட்கும்வரை நாம் வேலியை அளந்துகொண்டேயிருப்போம். நாம் யாருக்கு அயலாராய் நடந்தோம் என்பதே கேட்கத்தக்க வினா. பெயர் சொல்லக் கூசிய அச்சட்டவல்லுநன் நம்முள்ளும் இருக்கின்றானா என்பதை நாமே ஆராய்தல் வேண்டும்.